“ஒரு வாரத்தில் காலி செய்” என்றால் காலி செய்ய வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தின் வட பகுதியில் மனைவி, கைக்குழந்தையுடன் தனி வாடகை வீட்டில் இருக்கிறேன். வேலை விசா அடுத்த மாதம் முடிகிறது, நீட்டிக்க விண்ணப்பித்துவிட்டேன். குடியேறிகளுக்கு எதிரான ஆர்ப்பாட்டம் எங்கள் தெருவில் கலவரமானதிலிருந்து வீட்டுக்காரர் ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்கிறார். கவுன்சில் வீடு (உள்ளாட்சி மன்றம் குறைந்த வாடகைக்குத் தரும் வீடு) வாங்கித் தருவதாக ஒரு முகவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த முகவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் நகலையும் கொடுக்காதீர்கள். உங்கள் விசாவில் அரசின் பொது நிதியைப் பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். கவுன்சில் வீடும் அதில் அடங்கும். உங்கள் பெயரில் அவர் பொய் விண்ணப்பம் போட்டால் விசா நீட்டிப்புக்கே ஆபத்து. வந்தவர்களுக்கெல்லாம் வீடு சும்மா கிடைக்கிறது என்ற வதந்தியை நம்பித்தான் வெளியே கோஷம் போடுகிறார்கள். அதே வதந்தியை இந்தத் தரகர்கள் நம்மவர்களிடமே விலைக்கு விற்கிறார்கள். விசா ஆலோசனையும் தருவதாகச் சொன்னால், பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவில்லாமல் அதைத் தொழிலாகச் செய்வது குற்றம்.

வீட்டுக்காரரின் பயம் எனக்குப் புரிகிறது. 2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்த அகதி என்று பொய் பரவியது. அவன் பிறந்தது கார்டிஃபில். ஆனாலும் ஆறே நாளில் ராதர்ஹாமில் புகலிடம் கோரியவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைத்தார்கள். ஆனால் பயம் நோட்டீஸ் ஆகாது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் வழியே கிடையாது. சட்டம் ஏற்கும் காரணம், எழுத்து நோட்டீஸ், பிறகு நீதிமன்ற உத்தரவு. அதற்கு முன் பூட்டை மாற்றினால் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போலீஸை அழைத்தால் “இது சிவில் விவகாரம்” என்று கைகழுவக்கூடும். இத்தனை ஆண்டுகளாகியும் இந்தச் சட்டத்தைக் காவலர்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்காதது வெட்கக்கேடு. சட்டத்தின் பெயரை (வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டம், Protection from Eviction Act 1977) சொல்லி, புகார் எண் கேட்டு வாங்குங்கள்.

இதில் ஒரு விலக்கை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே அறை எடுத்து, அவரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. நியாயமான அவகாசம் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே அனுப்பிவிடலாம். மாடிப்படியையும் நடைவழியையும் மட்டும் பகிர்ந்தால் அது பகிர்வாகாது. வீட்டுக்காரர் வேறு கட்டடத்தில் வசிக்க, அவருடைய தம்பி உங்களோடு சமையலறையைப் பகிர்ந்தாலும் இந்த விலக்குப் பொருந்தாது. அறை எடுத்துத் தங்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

விசா முடியும் முன்பே விண்ணப்பித்ததால், முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடர்கிறது. வீட்டுக்காரர் கேட்டால், உள்துறையின் வாடகைச் சோதனைச் சேவையில் அவரே உறுதிசெய்துகொள்ளலாம். எதிலும் கையெழுத்திடாதீர்கள், சாவியைக் கொடுக்காதீர்கள், வாடகையை வங்கி வழியாகவே செலுத்துங்கள். மிரட்டல் தொடர்ந்தால் கவுன்சிலின் வாடகைத் தகராறு அதிகாரியிடமோ வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் தொண்டு நிறுவனத்திடமோ பேசுங்கள், இரண்டும் இலவசம். மனைவிக்கும் குழந்தைக்கும் தனித்தனி நீட்டிப்பு விண்ணப்பம் வேண்டும். அவை போய்ச் சேர்ந்தனவா என்று இன்றே பாருங்கள்.