நாற்பதாயிரம் கேட்ட வாய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) மில்லின் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். 2021ல் சேர்ந்தபோது 17,000 ரூபாய் சம்பளம். இன்றும் அதுதான். நடுவில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் வேலை பார்த்தவர் நின்றுவிட்டார். சரக்கோடு போகும் இ-வே பில், லாரி வாடகைக் கணக்கு எல்லாம் என் தலையில் வந்துவிட்டன. ஜிஎஸ்டியும் நான்தான் போடுகிறேன்.

சம்பளம் கூட்டிக் கேட்க வேண்டும் என்று மாதாமாதம் நினைக்கிறேன், வாய் வரவில்லை. ஓனரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான மனிதர். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், புடவை, இனிப்பு எல்லாம் தருவார். போன ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு 40,000 அட்வான்ஸ் கேட்டேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். மாதம் 2,000 பிடிக்கிறார். அந்தக் கடன் நிற்கும்போது சம்பளமும் கேட்டால் என்னை நன்றி கெட்டவள் என்று நினைக்க மாட்டாரா?

வாட்ஸாப்பில் கேட்கலாமா, நேரிலா? எந்த மாதம் கேட்பது? வேறு இடத்தில் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பொய் சொல்லிப் பார் என்கிறாள் தோழி. வாடகை ஏறிவிட்டது, கணவர் வேலை நிரந்தரமில்லை, மாமியாருக்கு மருந்துச் செலவு என்று காரணங்களை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இப்படிச் சொன்னால் மனம் இரங்குவாரா?

பெயர் வேண்டாம் ஐயா.

எம்., சேலம்

*

அன்புள்ள எம்.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நேரில் கேளுங்கள், வாட்ஸாப் வேண்டாம். மாதம் எதுவானாலும் சரி, ஆனால் மாதத்தின் 20ஆம் தேதி தாண்டட்டும். மாதாந்திர ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட்டு முடித்து நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள், அவரும் இருப்பார். பொய் வேண்டவே வேண்டாம். சேலத்தில் சேகோ தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், சாயங்காலத்துக்குள் விசாரித்துவிடுவார்கள்.

எனக்கு மனதில் நின்றது அந்த 40,000 ரூபாய்தான். உங்கள் கடிதம் வருவதற்குச் சில நாட்கள் முன்புதான் பரணிலிருந்து அப்பாவின் தறிக் கணக்கு நோட்டுகளை இறக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பா சேலத்தின் குகைப் பகுதியில் பட்டுத் தறி நெய்தார். தறி எங்களுடையது. பாவு (நெடுக்கு நூல்), ஊடைப் பட்டு (குறுக்கு நூல்), ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பார். நெய்து கொண்டுபோய்க் கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். பாவு ஈரம் வாங்கி இழை அறுந்துகொண்டே இருக்கும். அந்த வாரங்களில் நெசவும் இல்லை, கூலியும் இல்லை. அப்பா முதலாளி வீட்டுக்குப் போய் முன்பணம் வாங்கி வருவார். முதலாளி ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. அக்கா கல்யாணத்துக்குக் கொடுத்தார். நான் கல்லூரியில் சேர்ந்தபோதும் பணம் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

அந்த நோட்டில் ஒரு பக்கம் கூலி, எதிர்ப் பக்கம் பாக்கி. பாக்கிப் பக்கத்தில் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. கூலிப் பக்கத்தில் ஒரே எண் பக்கம் பக்கமாக நிற்கிறது. உங்கள் கடிதத்தில் "இன்றும் அதுதான்" என்று படித்ததும் எனக்கு அந்தப் பக்கம்தான் கண்ணில் வந்தது.

ஒரு வருடம் தெருவிலிருந்த நெசவாளர்கள் எல்லோரும் சேர்ந்து கூலி உயர்த்திக் கேட்கப் போனார்கள். அப்பாவையும் கூப்பிட்டார்கள். "அவர் காசு நம்ம கையில நிக்குது, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்று சொல்லித் தறியிலேயே உட்கார்ந்துவிட்டார். நீங்கள் எழுதியிருப்பதும் இதே வாக்கியம்தான் அம்மா. சரி, வேறு முதலாளியிடம் போகலாமே என்றால், அவர் பழைய பாக்கியைக் கட்டித்தான் ஆளை எடுக்க வேண்டும். அந்தத் தொகை புது நோட்டின் முதல் வரியில் ஏறிவிடும். முதலாளிதான் மாறுவார், கடன் கூடவே வரும்.

அந்த முதலாளியை நான் இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் அதே மனிதர் சேலைக்குச் சேர வேண்டிய கூலியைச் சேர வேண்டிய நேரத்தில் கூட்டியிருந்தால், அப்பா வாங்கிய கடனில் பாதி தேவைப்பட்டிருக்காது. கடனாகக் கொடுத்த பணம் திரும்பி வரும், ஆளும் நகராமல் நிற்பார். கூலியாகக் கொடுத்தால் அது நெய்தவருடையதாகிவிடும். அவர் இதைத் தெரிந்து செய்தாரா, வழக்கத்தில் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டிலும் எங்கள் வீட்டில் நடந்தது ஒன்றுதான்.

இப்போது உங்களைப் பாருங்கள். ஒரே மூச்சில் 40,000 கேட்க உங்களுக்கு வாய் வந்திருக்கிறது. மாதம் 3,000 கூட்டிக் கேட்க வரவில்லை. ஏன் என்று யோசித்தீர்களா? அட்வான்ஸ் கேட்கும்போது நீங்கள் கஷ்டத்தில் இருப்பவர், அவர் உதவுகிறவர். நீங்கள் கொஞ்சம் குனிந்தால் போதும், இருவருக்கும் பழக்கப்பட்ட இடம்தான் அது. சம்பளம் கேட்க வேண்டுமென்றால் நிமிர்ந்து, நான் செய்யும் வேலைக்கு இந்த விலை போதாது என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என் அப்பாவுக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பள்ளிக் கட்டணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியதில் தப்பில்லை. வாங்கியதனால் பேசும் உரிமை போய்விட்டது என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முன்பணம் ஒரு மனிதரின் வாயை எவ்வளவு தூரம் கட்டும் என்பது இந்த நாட்டின் சட்டத்துக்கே தெரியும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்த முறையை விளக்கும்போது முன்பணத்திலிருந்துதான் தொடங்குகிறது. முன்பணம் வாங்கியதற்காகக் கூலியில்லாமலோ பேருக்கு ஒரு கூலிக்கோ உழைப்பது, வேறு இடத்தில் வேலை தேடும் சுதந்திரத்தை இழப்பது, இதெல்லாம் அதற்குள் வருகிறது. 1982ல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை உழைக்க வைத்தால் அது கட்டாய உழைப்பு என்றது. வறுமையும் ஒரு கட்டாயம்தான் என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். உங்களைக் கொத்தடிமை என்று சொல்ல வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏ.சி. ஆபீசில் டாலி மென்பொருளில் கணக்கு போடுகிறவருக்கும் தறிக்குழியில் உட்கார்ந்தவருக்கும் எத்தனையோ வித்தியாசம். பயம் மட்டும் ஒரே ஊற்றிலிருந்து வருகிறது.

கடன் தனிக் கணக்கு, சம்பளம் தனிக் கணக்கு. மாதம் 2,000 ஒழுங்காகத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள். 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. முன்பணத்தை எப்படிப் பிடிக்கலாம் என்று இவ்வளவு பேசும் சட்டத்தில், வாங்கியவர் ஊதிய உயர்வு கேட்கக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. அந்த வரியை நீங்களாக எழுதிக்கொண்டீர்கள்.

அப்புறம் அந்த தீபாவளி போனஸ். வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம், 8.33 சதவீதம். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தபட்சமாக வைத்த விகிதம் அது. போனஸ் கணக்கிடும் சம்பளத்துக்குச் சட்டத்தில் ஓர் உச்சவரம்பு உண்டு. உங்கள் ஓனர் அதைப் பார்க்காமல் முழுச் சம்பளத்துக்கும் கொடுக்கிறார் என்றால் நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு எழுதுகிற நீங்களே போனஸைப் புடவையோடும் இனிப்போடும் ஒரே வரிசையில் வைக்கலாமா? புடவைக்கு நன்றி சொல்லுங்கள். போனஸ் உங்கள் வேலைக்கு வந்தது.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள். வாடகை, கணவர் வேலை, மாமியார் மருந்து, எல்லாமே உண்மை என்று நம்புகிறேன். படிக்கும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. மாமியாரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் ஒரு வரியாவது நீங்கள் அந்த மில்லுக்குச் செய்யும் வேலையைப் பற்றி இருக்கிறதா? ஆத்தூர்ப் பக்கமிருந்து குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு வந்து உங்கள் மில் வாசலில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் டன்னுக்கு விலை போடுகிறார்கள். விவசாயிக்கு வீட்டில் ஆயிரம் கஷ்டம் இருக்கும், ஆனால் அவர் அங்கே பாயிண்டுக்குத்தான் வாதாடுகிறார். நீங்கள் உங்கள் பாயிண்டைச் சொல்லாமல் கஷ்டத்தை மட்டும் சொல்லப் போகிறீர்கள். கஷ்டத்தைச் சொன்னால் அவர் கண்டிப்பாக இரங்குவார். இரங்கி இன்னொரு அட்வான்ஸ் கொடுப்பார்.

இதை உங்கள் ஓனருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருடைய தொழிலே இந்தப் பிடியில் கிடந்து மீண்ட தொழில். 1981க்கு முன்னால் சேலத்து ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்குக் கடன் வசதி சரியாகக் கிடையாது, சரக்கை வைக்கக் கிடங்கு கிடையாது. இடைத்தரகர்களும் வியாபாரிகளும் சொன்ன அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. அதிலிருந்து வெளியே வரத்தான் அவர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார்கள். கையில் பணமில்லாதவரால் தன் சரக்குக்கு விலை சொல்ல முடியாது என்பதை அனுபவித்த தலைமுறை அது. உங்கள் ஓனரின் அப்பாவோ பெரியப்பாவோ அதில் இருந்திருக்கலாம்.

இனி உங்கள் பாயிண்டைப் பார்ப்போம். நுகர்வோர் விலைவாசி 2022-23ல் சராசரியாக 6.7 சதவீதமும், 2023-24ல் 5.4 சதவீதமும், 2024-25ல் 4.6 சதவீதமும் ஏறியது. மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 17 முதல் 18 சதவீதம். 2021ல் வாங்கிய அதே 17,000த்தின் மதிப்பு நிற்க வேண்டுமென்றாலே இந்த மூன்று வருட ஏற்றத்துக்கு மட்டும் அது 20,000 ஆகியிருக்க வேண்டும். அதாவது நீங்கள் சேர்ந்ததிலிருந்து உங்கள் சம்பளம் சத்தமில்லாமல் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்கே ஆண்டுதோறும் ஏப்ரலில் அகவிலைப்படியைத் திருத்துகிறது தமிழ்நாடு அரசு. விலைவாசிக்கு ஏற்றபடி ஏறாத கூலி கூலியாகாது என்று அரசே ஒப்புக்கொண்ட விஷயம் இது. வணிக நிறுவனங்களுக்கான அட்டவணையைத் தொழிலாளர் துறை தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்து டெஸ்பாட்ச். நின்றுபோனவருக்கு என்ன சம்பளம் என்று உங்களுக்குத் தெரியாமலிருக்காது, சம்பளப் பட்டியலே உங்கள் கையில்தானே. அந்தத் தொகை மாதாமாதம் நிறுவனத்துக்கு மிச்சமாகிறது, அவர் செய்த வேலையை நீங்கள் செய்கிறீர்கள். அதில் பாதியையாவது 20,000த்தோடு சேர்த்து ஒரு தொகையாகச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஒரு நாள் பிந்தினால் 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. இ-வே பில்லில் தப்பு வந்தால் லாரி நடுவழியில் நின்றுவிடும். உங்கள் காலத்தில் இவையெல்லாம் நடந்ததா என்று பழைய கோப்புகளைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நடக்கவில்லை என்றால் அதுதான் உங்கள் காகிதத்தின் முதல் வரி.

தொகையை நீங்களே முதலில் சொல்லுங்கள். "பார்த்துச் செய்யுங்கண்ணா" என்று அவரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள் என்றால் எனக்குக் கோபம் வரும். "பார்க்கலாம்மா" என்று சொன்னால் எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். அவர் மனம் இளகி, "அவசரம்னா இன்னொரு அட்வான்ஸ் வாங்கிக்க, அதுக்கென்ன" என்றும் சொல்லக்கூடும். அன்போடுதான் சொல்வார். "வேண்டாங்கண்ணா, சம்பளத்துலயே போட்டுடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.