தூங்கும் நத்தையின் கழிவு எங்கே போகிறது? கேள்வி பதில்

கேள்வி: ஓட்டின் வாயைச் சளியால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கிறதே நத்தை, அத்தனை நாளும் மலமும் சிறுநீரும் எங்கே போகும்?

மலத்தை முதலில் முடித்துவிடலாம். உறங்கப் போகுமுன் இரை எடுப்பதை நிறுத்திக் குடலைக் காலி செய்துவிடும். உள்ளே எதுவும் போகாததால் வெளியே வரவும் ஒன்றுமில்லை.

சிக்கல் நைட்ரஜன் கழிவில். உடம்பின் புரதம் சிதையும்போதெல்லாம் அம்மோனியா பிறக்கும். அது நஞ்சு, வெளியேற்ற ஏராளமாக நீர் வேண்டும். வறண்டு கிடக்கும் நத்தை தண்ணீருக்கு எங்கே போகும்? அதனால் நைட்ரஜனை யூரிக் அமிலமாகவும், அதன் உறவுக்காரர்களான குவானின், சாந்தினாகவும் மாற்றிக்கொள்கிறது. இவை நீரில் அநேகமாகக் கரையாதவை. சிறுநீரகச் செல்களுக்குள் நுண்ணிய துகள்களாகப் படிந்து கிடக்கும். கரையாத பொருள் என்பதால் இரத்தத்தின் செறிவும் ஏறாது. சுருக்கமாக, உறக்கம் முடியும்வரை சிறுநீரகமே கிடங்கு.

கேள்வி: யூரிக் அமிலம் கூடினால் நமக்கு மூட்டு வீங்குகிறதே, நத்தைக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகாது. நமக்கு அந்தப் படிகங்கள் மூட்டில் படிந்து, உடம்பின் எதிர்ப்புச் செல்களைச் சீண்டிவிடுவதால் வலி வருகிறது. நத்தையில் அவை உரிய இடத்தில் அடைபட்டிருக்கின்றன. வீங்குவதற்கு மூட்டும் கிடையாது!

கேள்வி: கிடங்கு நிரம்பிவிட்டால்?

எளிதில் நிரம்பாது, வரத்தே குறைவு. உறக்கத்தில் உடலின் ஆற்றல் செலவு வழக்கத்தில் பாதிக்கும் கீழே, சில இனங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இதயத் துடிப்பும் மந்தமாகும். எரிபொருளாக முதலில் செலவாவது பெரும்பாலும் சேமித்த மாவுச்சத்து; அதில் நைட்ரஜனே இல்லை. உறக்கம் நீளும்போதுதான் புரதத்தில் அதிகம் கை வைக்கும்.

கேள்வி: அப்படியானால் கரியமில வாயு சேருமே?

சேரும். மூச்சுத்துளை எப்போதாவதுதான் திறக்கும், நீராவி வீணாகக் கூடாதே. இடைப்பட்ட நேரத்தில் வாயு இரத்தத்தில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டும். அதைச் சமன்செய்ய உடம்பில் உள்ள கால்சியம் கார்பனேட் இருக்கிறது. ஓடும் அதே பொருள்தான். வாயை மூடிய சளித்திரை வழியாகவும் வாயு கொஞ்சம் கசியும்.

கேள்வி: நத்தை யூரியாவும் சேர்க்கும் என்று படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. கோடை உறக்கத்தில் சில இனங்களின் திசுக்களில் யூரியா நன்றாகவே ஏறும். அம்மோனியா அளவுக்கு அது நஞ்சில்லை. சில நத்தைகள் சிறிதளவு அம்மோனியாவை வாயுவாகவே வெளியே விடுவதும் உண்டு. ஆக, எல்லா நத்தையும் ஒரே வழியில் போவதில்லை.

கேள்வி: அதிகபட்சம் எத்தனை நாள் தாங்கும்?

இனத்தைப் பொறுத்தது. எகிப்தியப் பாலைவன நத்தை ஒன்றைச் செத்துவிட்டதாக நினைத்து 1846-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அட்டையில் ஒட்டி வைத்தார்கள். 1850-இல் ஓட்டு வாயில் புதிய சளிப்படலத்தைக் கண்டு வெதுவெதுப்பான நீரில் போட, எழுந்து நடந்தது. நான்கு ஆண்டு! எல்லா நத்தையும் இப்படித் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: நான் வளர்க்கும் நத்தை எழுந்ததும் வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழம்பு போல ஏதோ வெளியேற்றியது. நோயா?

பயப்பட வேண்டாம். இத்தனை நாள் சேர்த்து வைத்த யூரிக் அமிலம்தான் அநேகமாக அது. விழித்ததும் தோல் வழியாகவும் வாய் வழியாகவும் நீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கிடைத்தபின் கிடங்கைக் காலி செய்யும். மூச்சுத்துளைக்கு அருகில்தான் அந்த வழி இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஈரப்பதமும் நல்ல தண்ணீரும் தருவது. அடுத்த முறை உறங்கும்போது சளித்திரையைக் கிழித்துப் பார்க்காதீர்கள். மறுபடி மூட நீரும் சளியும் வீணாகும். உடல் ஓட்டுக்குள் வெகு ஆழமாக ஒடுங்கி, அழுகிய நாற்றமும் வந்தால் மட்டும் அது உறக்கமில்லை.