பஸ்ஸில கொண்டுபோக ஒரு நூல் சுருள்

கேள்வி: அக்கா, நான் கல்முனையில இருந்து மட்டக்களப்புக்கு தினமும் பஸ்ஸில வேலைக்கு போய் வாறன். எம்ப்ரொய்டரி ஓடர் எடுத்து செய்யிறன், சாப்பாட்டு நேரத்திலயும் கொஞ்சம் தைப்பன். நூலெல்லாம் பிஸ்கட் டின்னுக்குள்ள கிடந்து சிக்குப்பட்டு, கலர் நம்பரும் துலைஞ்சி போச்சு. ஹேண்ட்பேக்குக்குள்ள வெச்சி கொண்டுபோக ஏதாவது செய்யலாமா?
(வாசகி, கல்முனை)

பதில்: செய்யலாம் தங்கச்சி, காசும் பெரிசா போகாது. ஆனா முதல்ல நூல ஒழுங்கா சுத்தணும், பை அதுக்கு பிறகுதான், சுத்தாத நூல எந்த பைக்குள்ள போட்டாலும் அது சிக்கும்.

பிறிஸ்டல் போர்ட்ட ரெண்டு மடிப்பா ஒட்டி, 4 சென்ரிமீற்றர் அகலம் 8 சென்ரிமீற்றர் உயரத்தில மட்டை வெட்டுங்க. மேல பஞ்ச்சால ஒரு ஓட்டை, ஓரத்தில ஒரு சின்ன வெட்டு, நூல் நுனிய அதுக்குள்ள செருகிட்டா அவிழாது. நூல் கட்டில சுத்தியிருக்கிற பேப்பர கழட்ட முந்தியே நம்பர மட்டையில எழுதிருங்க, டிஎம்சியா ஆங்கரா எண்டும் சேத்து எழுதுங்க, ரெண்டு கம்பனிக்கும் நம்பர் வேற வேற, நம்பர மட்டும் வெச்சி கடையில கேட்டா வேற சிவப்புதான் கைக்கு வரும்.

ஒரு கட்டில 8 மீற்றர் நூல் இரிக்கி. 4 சென்ரிமீற்றர் மட்டையில ஒரு சுத்துக்கு 8 சென்ரிமீற்றர் போகும், அப்ப ஒரு கட்டு நூறு சுத்துக்கு கிட்ட வரும். தைக்க வெட்டுறது முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும்தானே, அது ஆறு சுத்து. மட்டைய பாத்தே ஓடருக்கு நூல் காணுமா காணாதா எண்டு கணக்கு பாத்திரலாம், எனக்கு இந்த முறையில ஆக பிடிச்சது இதுதான். இறுக்கி மட்டும் சுத்தாதீங்க, மட்டை விளிம்பில நூல் மடிஞ்சி அடையாளம் விழுந்திரும்.

இப்ப பை. மருதமுனை கைத்தறி சாரன் துணியில மிச்சத்துண்டு கிடைச்சா அத எடுங்க, நல்ல கனமா நிண்டு பிடிக்கும், நூல் பிரியாம ஓரத்த மட்டும் மடிச்சி தைக்கணும். 21 அங்குல நீளம், 10 அங்குல உயரம். ஓரம் மடிச்ச பிறகு கீழ்ப்பக்கத்த 2 அங்குலம் மேல மடிச்சி, ரெண்டரை அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட்டினா எட்டு பொக்கட் வரும். பொக்கட்டுக்கு ரெண்டு மட்டை வெச்சா பதினாறு கலர். நம்பர் எழுதின பக்கம் வெளிய தெரியணும். மேல மிஞ்சிற துணிய மட்டைகளுக்கு மேல கவிட்டு சுருட்டி, ரிபனால கட்டிட்டா பஸ் எவ்வளவு குலுங்கினாலும் மட்டை வெளிய வராது. கவிட்டுற பக்கத்துக்கு உள்ளால ஒரு சின்ன கம்பளித் துண்டு தைச்சி அதில ஊசிகள குத்தி வெக்கலாம்.

மழைக்காலத்துக்கு இத ஒரு சிப் பேக்குக்குள்ள போட்டுத்தான் கொண்டு போகணும். நான் ஒரு மார்கழியில ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்ள நூல கொண்டுபோய், மூடி இறுகாம தண்ணி உள்ள போய், சிவப்பு சாயம் கரைஞ்சி வெள்ளை நூல் முழுக்க ரோஸாப்போச்சு, அடுத்த நாள் குடுக்க வேண்டிய ஓடர். நம்மட கடல்கரைப் பக்கத்து உப்புக்காத்துக்கு ஊசியும் கெதியா கறள் பிடிக்கும், கறள் ஊசி வெள்ளைத் துணியில கறை வெச்சிரும், சப்பாத்து பெட்டிக்குள்ள வாற, ஈரத்த உறிஞ்சிற சிலிக்கா பக்கெட் ஒண்ட சிப் பேக்குக்குள்ள போட்டு வெயுங்க.

இன்னொண்டு. எம்ப்ரொய்டரி நூல் ஆறு இழை சேந்தது, அத ரெண்டு மூணா பிரிக்கக்குள்ள சேத்து இழுக்காதீங்க. ஒவ்வொரு இழையா நேரா மேல இழுத்து எடுத்து, பிறகு சேத்துக்கோங்க. மிச்ச இழைய அதே மட்டையில சுத்துங்க.

கேள்வி: சரிகை நூல் தைக்கக்குள்ள அறுந்து அறுந்து போகுது, என்ன செய்ய?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: நீளமா வெட்டுறதாலதான். ஒரு அடிக்கு மேல வெட்டாதீங்க, காது பெரிய ஊசி எடுங்க, ஒவ்வொரு தரமும் துணிக்குள்ளால போய் வரக்குள்ள உரசித்தான் அது பிரியும். இந்த நூல மத்த நூலோட வெக்காம தனி மட்டையில சுத்தி ஒரு பொக்கட்ட அதுக்கு மட்டும் விடுங்க.