படகில் டூல்ஸ்: 94 பீஸ் செட் வாங்கலாமா?

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 19 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி, கொச்சிக் காயலில் நிறுத்தியிருக்கிறோம். பெட்ரோல் அவுட்போர்டு மோட்டார். மாதம் ஒருமுறை போய் ஓட்டிவிட்டு வருவோம். படகிலேயே தகர டூல் பாக்ஸ் ஒன்று வைத்திருந்தோம். ஒரு மழைக்காலத்தில் ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. ஆன்லைனில் ‘மரைன் கிரேடு’ என்று 94 பீஸ் செட், பெட்டியோடு 14,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் கால்வாசி கூட உங்களுக்குத் தேவைப்படாது.

நம்ம பக்கம் தோட்டத்து மோட்டார் ரூமில் ஆணியில் மாட்டிய ஸ்பேனர் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். காயலில் அது நடக்காது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பகலில் காய்ந்த மாதிரி இருந்தாலும் ராத்திரி மறுபடி நசநசக்கும்.

‘மரைன் கிரேடு’ என்பதைப் பொதுவாக 316 வகை ஸ்டெயின்லெஸுக்குச் சொல்வார்கள். ஆனால் ஸ்பேனர், சாக்கெட் செட்டுகள் பெரும்பாலும் குரோம் வனேடியம் இரும்பில் செய்து மேலே குரோம் பூசியவை. பூச்சு எங்கே உரிகிறதோ அங்கே துரு ஆரம்பிக்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் காந்தம் ஒட்டாது, வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். டூல்ஸுக்கு அது சரிவராது, கடினமாக்கக்கூடிய ஸ்டெயின்லெஸிலும் காந்தம் ஒட்டும். அதனால் என்ன உலோகம் என்று எழுத்தில் கேளுங்கள், எழுதித் தராவிட்டால் விட்டுவிடுங்கள். இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. பெட்டியில் இருந்தே ஆக வேண்டும். வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

சரி, எதைத்தான் வைப்பது? மாதம் ஒருமுறை போகிறவர் எல்லா டூலையும் படகில் விட்டுவைக்க வேண்டியதில்லை. பெரிய வேலைக்கான சாமான் வீட்டில் இருக்கட்டும், போகும்போது காரில் எடுத்துப் போங்கள். நடுக்காயலில் மோட்டார் நின்றால் கரை சேர்க்கிற சாமான் மட்டும் படகில் போதும்: உங்கள் மோட்டாருக்குச் சரியான ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், இரண்டு புது பிளக், புரொப்பெல்லர் நட்டுக்கான ஸ்பேனர், அந்த நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின், பிளேயர், இரண்டு திருப்புளி, கத்தி, இன்சுலேஷன் டேப், ஸ்டார்ட் கயிறு. மோட்டாரில் எந்தெந்த சைஸ் நட்டு இருக்கிறதென்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்து, அந்த ஸ்பேனர்களை மட்டும் தனித்தனியாக நல்ல கம்பெனியில் வாங்குங்கள்.

பெட்டி பிளாஸ்டிக்காக, மூடியில் ரப்பர் வளையம் உள்ளதாக இருக்கட்டும். தகரப்பெட்டி தானும் துருப்பிடித்து, படகின் ஃபைபரிலும் கறையை இறக்கிவிடும். ஆனால் எவ்வளவு நல்ல பெட்டியானாலும், ஈரத்தோடு உள்ளே வைத்தால் ஈரமும் உள்ளேயே அடைபட்டுவிடும். நான் அப்படி மூடிவைத்த ஒரு பிளேயர், ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது கீல் இறுகி, இரண்டு கையால் இழுத்தும் வாய் திறக்கவில்லை. கிளம்பும் முன் நல்ல தண்ணீரில் அலசி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, எண்ணெய் தொட்டு வையுங்கள். பனியன் வேஸ்ட்டுக்குத் திருப்பூர்க்காரருக்கா பஞ்சம்! கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள்.

பெட்டிக்குள் டூல்ஸ் உருளாமலிருக்க, தார்ப்பாய் தைப்பவரிடம் வரிசையாகப் பாக்கெட் வைத்துச் சுருட்டுகிற மாதிரி ஒரு பை தைத்து வாங்குங்கள். ஒவ்வொரு டூலிலும் ஒரு முழம் நைலான் கயிறு கட்டிவிடுங்கள். அவுட்போர்டு மோட்டார் படகுக்கு வெளியே தொங்குகிறது. பிளக்கைக் கழற்றும்போது கை வழுக்கினால் ஸ்பேனர் நேரே தண்ணீருக்குள்தான் போகும். கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வேலை பாருங்கள்.

பெட்டியைப் படகின் நடுவில், தாழ்வான இடத்தில், பட்டை போட்டுக் கட்டுங்கள். திசைகாட்டி இருந்தால் அதன் பக்கத்தில் வேண்டாம், டூல்ஸின் இரும்பு அதன் முள்ளைத் திருப்பிவிடும். பேட்டரி டிரில்லைப் படகில் விட்டு வராதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தங்கும், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க.

அப்புறம், துருப்பிடித்த பழைய செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு ராத்திரி டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பாதிக்கு மேல் தேறிவிடும். வீட்டு வேலைக்கு அது போதும்.