இணைப்பு அறுந்தாலும் வேலை ஓட வேண்டும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எஸ்எஸ்எச் வழியாக (தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வரில் நுழைந்து) ஒரு வேலையை & போட்டுப் பின்னணியில் ஓடவிட்டேன். எக்ஸிட் அடித்து வெளியே வந்தால் ஓடுகிறது; வைஃபை அறுந்தால் செத்துவிடுகிறது. ஏன் இப்படி?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். நீங்களாக எக்ஸிட் அடித்தால் பாஷ், அதாவது நீங்கள் கட்டளை அடிக்கும் ஷெல், பின்னணி வேலைகளுக்கு சிக்ஹப் சிக்னலை (இணைப்பு போய்விட்டது, நிறுத்து என்ற செய்தி) அனுப்பாது. ஹப்-ஆன்-எக்ஸிட் என்ற அமைப்பு வழக்கமாக அணைந்தே இருக்கும். இணைப்பு அறுந்தால் கதை வேறு. பாஷுக்கே சிக்ஹப் வருகிறது, அது தன் கீழுள்ள எல்லா வேலைகளுக்கும் அதை அனுப்பிவிட்டுத்தான் சாகிறது. எக்ஸிட்டை நம்பாதீர்கள். கட்டளைக்கு முன்னால் நோஹப் போடுங்கள் (சிக்ஹப்பைப் பொருட்படுத்தாமல் ஓடவைக்கும்), வெளியீட்டை ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்புங்கள், 2>&1 சேருங்கள் (பிழைச் செய்திகளும் அதே ஃபைலுக்குப் போகும்). லாக் இல்லாமல் எதையும் ஓடவிடாதீர்கள்.

கேள்வி: ஆறு மணி நேரமாக ஓடுகிறது, நோஹப் போட மறந்துவிட்டேன். நிறுத்தாமல் காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். கன்ட்ரோல்-இசட் (ஒரு கணம் இடைநிறுத்த), பிறகு பிஜி (பின்னணியில் தொடர), பிறகு டிஸ்ஓன். ஷெல் அந்த வேலையைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும், சிக்ஹப் போகாது. ஆனால் வெளியீடு இன்னும் பழைய டெர்மினலுக்குத்தான் போகிறது. டெர்மினல் மறைந்தபின் நிரல் அதில் ஒரு வரி எழுதப்போனால் பிழைதான் திரும்பி வரும். பல நிரல்கள் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். நிறையப் பேசுகிற நிரல் என்றால் டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் சர்வரில் உயிரோடிருக்கும் டெர்மினல்) போய், ரெப்டைர் என்ற கருவி கொண்டு அதை அங்கே இழுத்துக்கொள்ளுங்கள். உபுண்டுவில் இதற்குப் பெரும்பாலும் ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும்.

கேள்வி: ஸ்கிரீனா, டிமக்ஸா?

பதில்: சர்வரில் எது இருக்கிறதோ அது. ஸ்கிரீன் 1987-லிருந்து இருக்கிறது, டிமக்ஸ் 2007-ல் வந்தது. இரண்டும் ஒரே வகைக் கருவிகள், இந்த வேலைக்குப் போதும். செஷனுக்கு மறக்காமல் பெயர் வையுங்கள்.

கேள்வி: நோஹப் போட்டும் நின்றுவிட்டது. என்ன செய்வது?

பதில்: கடிதம் இவ்வளவுதான். என்ன நிரல், என்ன சிஸ்டம், லாக்கின் கடைசி வரி என்ன, ஒன்றுமே இல்லை. இப்படி எழுதினால் யாராலும் உதவ முடியாது. இரண்டு இடங்களைச் சொல்கிறேன், பாருங்கள். ஒன்று, டிமெசேஜ், சிஸ்டத்தின் மையமான கெர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை. மெமரி தீர்ந்து கெர்னலே கொன்றிருந்தால் அங்கே எழுதியிருக்கும். நோஹப் தடுப்பது சிக்ஹப்பை மட்டும். உடனே கொல்லும் சிக்கில் என்ற சிக்னலை எதுவும் தடுக்காது. இரண்டு, சிஸ்டம்டி, சர்வரில் சர்வீஸ்களையும் செஷன்களையும் நிர்வகிக்கும் நிரல். 2016-ல் வந்த 230-வது பதிப்பிலிருந்து, நீங்கள் வெளியேறியதும் உங்கள் செஷனில் மிச்சமிருப்பதையெல்லாம் கொல்வது அதன் இயல்பு அமைப்பு. டெபியன், உபுண்டு இரண்டும் இதை அணைத்து வைத்திருக்கின்றன. உங்கள் சர்வரில் அணைந்திருக்கிறதா என்று அட்மினிடம் கேளுங்கள். இயங்குகிறது என்றால் டிமக்ஸ்கூடத் தப்பாது. லிங்கரை (வெளியேறிய பின்னும் உங்கள் வேலைகள் ஓட அனுமதிக்கும் அமைப்பு) இயக்கிவிட்டு, வேலையை சிஸ்டம்டி-ரன் வழியாக யூசர் யூனிட்டாக (உங்கள் பெயரில் சிஸ்டம்டி நிர்வகிக்கும் வேலையாக) தொடங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அலுவலக ஏபிஐ டிமக்ஸுக்குள் ஓடுகிறது. சர்வர் ரீபூட் ஆனால் யாராவது உள்ளே போய்த் தொடங்க வேண்டியிருக்கிறது. பூட்டிலேயே டிமக்ஸைத் தொடங்க கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) என்ன எழுதுவது?

பதில்: எழுதாதீர்கள். மாதாமாதம் யாராவது இதைக் கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. டிமக்ஸ், நோஹப் எல்லாம் ஒரு மனிதர் தொடங்கி, முடிந்ததும் வந்து பார்க்கும் வேலைக்கு: ஒரு டேட்டாபேஸ் இறக்குமதி, ஓர் இரவு முழுக்க ஓடும் கணக்கு. எப்போதும் உயிரோடு இருக்க வேண்டியது சர்வீஸ். நள்ளிரவில் அது விழுந்தால் டிமக்ஸ் தூக்கி நிறுத்தாது. செஷனைத் தொடங்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டால், எந்த டைரக்டரியில், எந்த என்விரான்மென்ட் மாறிகளோடு, எந்தக் கட்டளையால் அது ஓடியது என்று ஒருவருக்கும் தெரியாது. வாடிக்கையாளர்கள் காத்திருக்க, நாலு பேர் உட்கார்ந்து ஹிஸ்டரியைத் துழாவுவார்கள்.

சிஸ்டம்டிக்குப் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதுங்கள். எக்ஸெக்ஸ்டார்ட்டில் முழுப் பாதையோடு கட்டளை, வொர்க்கிங் டைரக்டரி, யூசர் (தயவுசெய்து ரூட் வேண்டாம்), ரீஸ்டார்ட்டுக்கு ஆன்-ஃபெயிலியர் (விழுந்தால் தானே மறுபடி தொடங்க), வான்டட்பை மல்டி-யூசர் டார்கெட் (பூட்டிலேயே தொடங்க). பிறகு சிஸ்டம்சிடிஎல் எனேபிள், ஸ்டார்ட். லாக் ஜர்னல்சிடிஎல்லில் தானாகச் சேரும். அந்த ஃபைலை கிட்டில் (மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) போட்டு வையுங்கள். நாளை வருகிறவருக்கு எல்லாம் அதிலேயே இருக்கும். அப்புறம், ஆட்கள் குறைவான நேரம் பார்த்து, நீங்களே ஒருமுறை சர்வரை ரீபூட் செய்து பாருங்கள். அதுவரை வேலை முடியவில்லை.

கேள்வி: நோஹப்பில் பைத்தான் ஓடுகிறது, லாக் காலியாகவே இருக்கிறது.

பதில்: வெளியீடு ஃபைலுக்குப் போகும்போது பைத்தான் அதைச் சேர்த்து வைத்து மொத்தமாகத்தான் எழுதும். உடனுக்குடன் எழுத, பைத்தானுக்கு -யு (-u) கொடுத்து ஓட்டுங்கள்.

கேள்வி: ஸ்கிரிப்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகப் பின்னணி வேலை தொடங்கினால், எஸ்எஸ்எச் திரும்பாமல் தொங்குகிறது.

பதில்: அந்த வேலை இணைப்பின் குழாய்களை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்புட்டை டெவ்-நல்லிலிருந்து (எப்போதும் காலியாக இருக்கும் ஃபைல்) கொடுங்கள், அவுட்புட்டையும் பிழையையும் லாக்குக்குத் திருப்புங்கள். மூன்றையும் திருப்பினால் உடனே திரும்பும்.