மணமகள் படங்கள்: வெயிலும் நிழலும் நிறமும் (கேள்வி-பதில்)

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிப்புறத்தில் மணமகளைப் படமெடுப்பது பற்றியே இருந்ததால், வேறு கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலில் முகூர்த்தம் முடிந்து 11.30 மணிக்குத்தான் மணமகளைப் படமெடுக்க முடிகிறது. கண்களுக்குக் கீழே கறுப்பு நிழல் விழுகிறது. என்ன செய்யலாம்?

வெயிலை விட்டு விலகுங்கள். 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதால், பினாங்கில் சூரியன் உச்சிக்கு வரவே ஏறக்குறைய 1.15 ஆகிவிடும்; ஆகவே 11 மணியிலிருந்து 3.30 வரை ஒளி தலைக்கு மேலிருந்துதான் விழும். ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளின் முன்னே கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதைக்கு மணமகளை அழைத்துச் சென்று, விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே நிறுத்தி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மேலொளியைக் கூரை மறைத்துவிடும். தெருவொளி மென்மையாக முகத்தில் படியும். எதிர்ச்சுவர் வெள்ளையாக இருந்தால் அதுவே உங்கள் ரிஃப்ளெக்டர், அதாவது ஒளியைத் திருப்பியடிக்கும் பலகை. பச்சையோ நீலமோ பூசிய சுவராக இருந்தால் அந்நிறம் கன்னத்தில் ஏறும். கேமராவைத் தூக்குவதற்கு முன் முகத்தில் விழும் ஒளியைப் பாருங்கள் என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

படம் மங்கலாக வருகிறது. எந்த லென்ஸ் வாங்கலாம்?

எந்தக் கேமரா, எவ்வளவு தூரம், என்ன ஷட்டர் வேகம் என்று ஒன்றையும் எழுதாமல் லென்ஸ் மட்டும் கேட்டால் நான் எதைச் சொல்வது? பணம் செலவழிக்கும் முன் இதைச் சோதியுங்கள்: 85 மி.மீ. லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து, எஃப் 1.8 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. மூக்குத்தியில் ஃபோகஸ் விழுந்து கண் தப்பிவிடுவது இதனால்தான். துவாரத்தைச் சுருக்கி எஃப் 4 வைத்து, அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் செய்து பாருங்கள்.

வெயிலில் ஃபிளாஷ் போட்டால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகிறது.

ஷட்டர் வேகம் உங்கள் கேமராவின் ஒத்திசைவு வேகத்தை (ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகத்தை), அதாவது பெரும்பாலும் 1/200 அல்லது 1/250 நொடியை, தாண்டிவிட்டது. அதற்கு மேலும் ஃபிளாஷை வேலை செய்யவைக்கும் ஹை-ஸ்பீட் சிங்க் வசதியைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டு வேகத்தைக் குறையுங்கள்.

மணமகள் வீட்டார் நிறத்தைக் கூட்டி, வெளுப்பாகக் காட்டச் சொல்கிறார்கள். எடுக்கும்போதே எத்தனை ஸ்டாப் (ஒளியளவின் படி) கூட்டினால் இயற்கையாகத் தெரியும்?

ஒரு ஸ்டாப்கூட வேண்டாம். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படிக் கூட்டிக் கொடுத்தேன், ஆல்பத்தைப் புரட்டிய மணமகளின் பாட்டி, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டதை இன்றுவரை மறக்க முடியவில்லை. கூட்டினால் முதலில் விவரமின்றி வெளுத்து எரிந்துபோவது நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும்தான்; பிறகு முகம் ஒரு நிறமாகவும், கழுத்து ஒரு நிறமாகவும், மருதாணிக் கை வேறொரு நிறமாகவும் நிற்கும். இந்தக் குறை நம் ஸ்டுடியோக்களில் மட்டும் தொடங்கியதன்று. கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க வண்ணப்பட அச்சகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே அளவுகோலாக இருந்தது. இன்று விலைக்கு வாங்கும் ப்ரீசெட்களிலும் (படத்தின் நிறத்தை ஒரே சொடுக்கில் மாற்றும் ஆயத்த அமைப்புகளிலும்) அதே பழக்கத்தைக் காண்கிறேன்.

கறுத்த நிறத்துக்குத் தேவை அதிக ஒளியன்று, அகலமான ஒளி. முகத்தின் வடிவத்தைக் காட்டுவது தோலின் மேல் படியும் மெல்லிய மினுக்கம். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் அது தட்டையாகிவிடும், பக்கவாட்டில் பெரிய ரிஃப்ளெக்டர் பிடித்தால் கன்னமும் தாடையும் எழுந்து நிற்கும். கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் எல்லாவற்றையும் நடுச்சாம்பலாக்க முயல்வதால், இருண்ட பின்னணியில் முகத்தை வெளுக்க வைக்கும். வெள்ளை வேட்டி கட்டிய மணமகன் பக்கத்தில் நின்றால் அதே முகத்தை இருட்டாக்கும். ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் வைத்து முகத்தை அளந்து, சாம்பல் அட்டையால் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) சரிசெய்யுங்கள். வீட்டார் கேட்டால், நன்றாக ஒளியமைத்த ஒரு படத்தை அங்கேயே காட்டுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலோர் அதற்குமேல் கேட்பதில்லை.

அரக்குச் சிவப்புப் பட்டில் நெசவே தெரியாமல் ஒரே சிவப்பாகிறது.

சிவப்பு மட்டும் நிரம்பி வழிகிறது. ஒளியளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பைத் தனியே பார்த்து, முக்கால் ஸ்டாப் குறைத்து, ரா கோப்பாக (கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பாக) எடுங்கள்.

பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் மாலைப் பொன்னொளிக்காக 7 மணிக்குப் போனோம். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

ஒரு மணி நேரப் பொன்னொளி என்பது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும் கணக்கு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகை வடக்கே இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கிவிடும். நல்ல ஒளி அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். இங்கே ஆண்டு முழுவதும் 7 மணிக்கும் 7.40க்கும் இடையில் சூரியன் மறைவதால், 6 மணிக்கே இடத்தில் இருங்கள். அந்தக் கடற்கரை வடக்கு நோக்கியது என்பதால் ஆண்டு இறுதியில் சூரியன் மலைப்பக்கம் போய்விடும். முதல்நாளே போய், முகத்தில் ஒளி எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படிகிறது. துடைத்தால் மீண்டும் படிகிறது.

துடைக்காதீர்கள். பையைத் திறக்காமல் 20 நிமிடம் வெளிக்காற்றில் வைத்திருங்கள். அதுவரை சேலை மடிப்பையும் மாலையையும் சரிசெய்துகொள்ளலாம்.