கல்லீரலில் கொழுப்பு என்றால் இதயத்துக்கு ஏன் மாத்திரை?

கரூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்: "வயது 47, ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. குடிப்பழக்கம் இல்லை. முழு உடல் பரிசோதனையில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்தது. ஈரல் அளவுகளான எஸ்.ஜி.பி.டி. 58, எஸ்.ஜி.ஓ.டி. 41, ரத்தத் தட்டணுக்கள் 2,30,000. டிரைகிளிசரைடு 236, எச்.டி.எல். 36, எல்.டி.எல். 142, மூன்று மாதச் சர்க்கரை 6.2, ரத்த அழுத்தம் 138/88. டாக்டர் ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மாத்திரை எழுதித் தந்து, 'இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றார். அந்த மாத்திரை ஈரலைக் கெடுக்கும் என்று மைத்துனர் சொன்னதால் பத்து நாளில் நிறுத்திவிட்டேன். அவரே ஈரல் சுத்தம் செய்யும் மூலிகைப் பொடி மூன்று மாதத்துக்கு வாங்கித் தந்திருக்கிறார். பரிசோதனை செய்த லேபிலிருந்து போன் செய்து, தள்ளுபடியில் இதயத்துக்கு சி.டி. ஆஞ்சியோ எடுக்கச் சொல்கிறார்கள். ஒல்லியான எனக்கு ஏன் இது வந்தது? மாரடைப்பு வருமா? என்ன செய்ய?"

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பொடியை இன்றே நிறுத்துங்கள். எழுதித் தந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு இறுக்கம், மூச்சிரைப்பு எதுவும் இல்லையென்றால் சி.டி. ஆஞ்சியோ இப்போது வேண்டாம். அப்படி ஏதாவது இருந்தால் லேபுக்குப் போகாதீர்கள், நேராக இதய மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஈரலில் கொழுப்பு என்றதும் எல்லோருக்கும் ஈரல் சுருங்கிப்போகும் பயம்தான் வருகிறது. ஆனால் கொழுப்பு ஈரல் உள்ளவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அவர்கள் உயிரை அதிகம் பறிப்பது இதய, ரத்தக்குழாய் நோய்தான். அடுத்தது புற்றுநோய், ஈரல் நோய் அதற்கும் பிறகுதான். சுமார் 58 லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வுத் தொகுப்பு 2021இல் வந்தது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஈரலில் தழும்பு முற்றியவர்களுக்கு இரண்டரை மடங்கு என்று அதில் தெரிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. 2023இல் நோயின் பெயரையே மாற்றி, 'வளர்சிதைமாற்றக் கோளாறால் வரும் கொழுப்பு ஈரல்' என்ற பொருளில் வைத்தார்கள். சர்க்கரை, அழுத்தம், ரத்தக் கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு எல்லாம் ஈரலோடு சேர்ந்த ஒரே கதை என்பதைப் பெயரே சொல்லட்டும் என்பதுதான் நோக்கம்.

நீங்கள் கடைக்காரர் என்பதால் குடோனை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு செலவழிப்பதைவிட அதிகமாக மாவும் சர்க்கரையும் எண்ணெயும் உள்ளே வருகின்றன. தோலுக்கடியில் அடுக்க வேண்டிய சரக்கு இடம் போதாமல் குடலைச் சுற்றிச் சேர்கிறது, அங்கிருந்து ஈரலுக்கு வழிகிறது. ஈரல் சும்மா இருப்பதில்லை, மிஞ்சியதை டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக்கி ரத்தத்தில் தள்ளிவிடுகிறது. அதனால்தான் உங்களுக்கு 236. அது ஏறும்போது நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்கும், அதனால் 36. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். துகள்களும் சிறிதாகி, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழைகின்றன. இன்சுலின் சொல்வதை ஈரல் கேட்காமல் ராத்திரியிலும் சர்க்கரை தயாரிப்பதால் மூன்று மாதச் சர்க்கரை 6.2. ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களும் அழற்சியைத் தூண்டும் பொருட்களும் ஈரலிலிருந்து அதிகமாக வருகின்றன. நீங்கள் எழுதிய எண்கள் தனித்தனி நோய்கள் இல்லை, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

கொழுப்புதான் நேராக இதயத்தைக் கெடுக்கிறதா என்றால், இல்லை. ஒரு மரபணு மாற்றத்தால் மட்டும் ஈரலில் கொழுப்பு சேர்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஈரல் கெடும் வாய்ப்பு கூடுகிறதே தவிர, மாரடைப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே குற்றவாளி கொழுப்போடு கூடவே வரும் கும்பல். உங்கள் ரிப்போர்ட்டில் அந்தக் கும்பல் முழுதாக இருக்கிறது.

"ஒல்லியான எனக்கு ஏன்" என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். பரிசோதனை அறைக்கு வெளியே இந்த ஒரு தவறான நம்பிக்கையால் ஏமாந்தவர்களை அத்தனை பேர் பார்த்துவிட்டேன். உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் பி.எம்.ஐ. 22.7 வருகிறது. ஆசியர்களுக்கு 23க்குக் கீழ் இருந்தால் சரியான எடை என்பார்கள். கணக்குப்படி நீங்கள் ஒல்லி. ஆனால் எடைக் கருவிக்குத் தசையும் தெரியாது, கொழுப்பும் தெரியாது. நம் ஊர் ஆண்களில் பலருக்குக் கை கால் மெலிந்து, தொடையில் சதை இல்லாமல், வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும். இந்த உடம்புக்கு ஒல்லி என்று பெயர் வைத்துவிடுகிறோம். பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள், பேன்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம். வேட்டி கட்டுபவருக்கு அந்தக் கணக்கும் இல்லை. தையல் டேப்பை எடுத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, இடுப்பெலும்புக்கும் கடைசி விலா எலும்புக்கும் நடுவே சுற்றிப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உங்களுக்கு அதற்கு மேல்தான் வரும் என்று எண்ணுகிறேன். ஒல்லியானவர்கள் இதில் இன்னொரு வகையிலும் ஏமாறுகிறார்கள். குண்டாக இருப்பவரை வீட்டில், கடையில், டாக்டரிடம் எல்லோரும் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். மெலிந்தவரை "உனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கே" என்று பத்து வருஷம் பரிசோதனையே செய்யாமல் விட்டுவிடுவார்கள். உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. குண்டானவர் ஈரல் வீக்கம் தணிய 7 முதல் 10 சதவீதம் எடை குறைக்க வேண்டும். ஒல்லியான கொழுப்பு ஈரலுக்கு 3 முதல் 5 சதவீதம் போதும். உங்கள் கணக்கில் இரண்டு மூன்று கிலோதான்.

'கிரேடு 2' என்ற வார்த்தையைப் பார்த்துப் பயந்தவர்கள் எண்ணிக்கை எனக்கே தெரியாது. அது ஸ்கேன் எடுத்தவர் திரையில் ஈரல் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்று கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பெண். வேறொருவர் எடுத்தால் 1 என்றும் வரலாம். தழும்பு விழுந்திருக்கிறதா என்ற ஒரே முக்கியமான கேள்விக்கு அதில் பதிலே இல்லை. அந்தப் பதில் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது, யாரும் கணக்குப் போடவில்லை. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 47 × 41 = 1927. தட்டணுவை ஆயிரக்கணக்கில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்: 230 × 7.6 = 1748. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.1. ஃபிப்-4 என்று இதற்குப் பெயர். 1.3க்குக் கீழ் என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேல் போனால் ஈரல் மருத்துவரிடம் போக வேண்டும். இடையில் இருந்தால், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாம். ஒரு பைசா செலவில்லாத கணக்கு இது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிப் பல பக்கத்துக்கு ரிப்போர்ட் அச்சிடும் லேப், கடைசிப் பக்கத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்கக் கூடாதா? கொழுப்பு ஈரலை 2021இலேயே மத்திய அரசு தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது. ஆனாலும் வயிற்று டாக்டர் "இதயம் என் வேலை இல்லை" என்கிறார், இதய டாக்டர் "ஈரலை அங்கே காட்டுங்கள்" என்கிறார், நோயாளி பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிறார். பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வருகிறது.

இனி மாத்திரை. உங்கள் மைத்துனர் நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் தவறு. அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகள் ஈரலை மோசமாகக் கெடுப்பது மிக அரிது. எஸ்.ஜி.பி.டி. வழக்கமான உச்ச அளவான 40இல் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும். உங்களுக்கு 58. கிரீஸ் நாட்டில் இதய நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. ஈரல் அளவுகள் சற்றுக் கூடியிருந்தவர்களுக்கு ஸ்டாட்டின் கொடுத்தபோது மாரடைப்பும் குறைந்தது, ஈரல் அளவும் இறங்கியது. மாத்திரையை நிறுத்தியவர்தான் ஆபத்தில் இருக்கிறார். ஈரல் முற்றிலும் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. தசைகளில் காரணமில்லாத கடும் வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அட்டோர்வாஸ்டாட்டின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கும் சாதாரண மாத்திரை. விலை உயர்ந்த ஒன்றை மருந்துக் கடைக்காரர் மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். 'ஈரலுக்குச் சத்து' என்று அர்சோ மாத்திரை எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. கொழுப்பு ஈரலுக்கு அதனால் பயன் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை.

பொடி விஷயத்தில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். ஈரலைச் சுத்தம் செய்யும் பொருள் என்று உலகில் எதுவும் இல்லை, உடம்பைச் சுத்தம் செய்வதே ஈரல்தான். பொட்டலத்தில் என்னென்ன, எவ்வளவு என்று முழுதாக அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தினமும் குடித்துவிட்டு ஈரல் வீங்கி வந்தவர்களை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரையாலும், செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையாலும் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளை நான் சொல்லவில்லை. ஈரல் நன்றாக இருப்பவருக்கே இந்த நிலை. விற்பவர் முதல் மாதம் "உள்ளே இருக்கிற நஞ்சு வெளியே வருகிறது, அதுதான் அரிப்பு" என்பார். அரிப்பும் மஞ்சள் சிறுநீரும் ஈரல் நொந்துகொண்டிருப்பதன் அடையாளம். அந்தப் பேச்சை நம்பி இன்னொரு மாதம் சாப்பிட்டு, கண் மஞ்சளாகி வந்தவர்களை நான் என் கையால் அனுமதித்திருக்கிறேன்.

சி.டி. ஆஞ்சியோ தள்ளுபடிக்கும் இதே எச்சரிக்கைதான். உங்கள் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் லேப் ஊழியர் போன் செய்கிறார், அது அவருக்குக் கொடுத்த வேலை. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்குச் சாயம் ஏற்றி எடுக்கும் படத்தில் சிறிய அடைப்பு ஒன்று தெரிந்தால், அடுத்து குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோகிராம், அதன்பின் ஸ்டென்ட் என்று போகும். அந்தச் சிறிய அடைப்புக்கும் சிகிச்சை நீங்கள் நிறுத்திய அதே மாத்திரைதான். அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்குங்கள், கையில் கட்டுவது. காலையில் கடைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, ஒரு வாரம் எழுதி வையுங்கள். சராசரி 135/85ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் நான் கேட்பது இரண்டே. ஜவுளிக் கடையில் வாடிக்கையாளருக்கு வாங்கும்போதெல்லாம் நமக்கும் ஒரு டீ வரும். நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் நாற்பது கிராம் சர்க்கரை. அதை நிறுத்துங்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பழச்சாறு எல்லாம் ஈரலுக்கு ஒன்றுதான். சர்க்கரை போடாத காபி இரண்டு வேளை குடிக்கலாம், ஈரலுக்கு அது நல்லது. இரண்டாவது, ராத்திரி பத்து மணிக்குக் கடை அடைத்து வந்து சாப்பிடும் புரோட்டா. அதற்குப் பதில் எட்டு மணிக்குக் கடையிலேயே இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல். நடைக்கு நேரம் இல்லை என்பீர்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேண்டும், அதைக் கடை திறக்கும் முன்னே முடிக்க வேண்டும், சாயங்காலம் என்று வைத்தால் நடக்காது. வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழும் பயிற்சியும் சேருங்கள், உங்களுக்குத் தொடையில் சதை வேண்டும்.

மூன்று மாதம் கழித்து டிரைகிளிசரைடு, எல்.டி.எல்., எஸ்.ஜி.பி.டி., மூன்று மாதச் சர்க்கரை இவற்றை மட்டும் எடுங்கள். எல்.டி.எல். 100க்குக் கீழ் வந்திருக்க வேண்டும், டிரைகிளிசரைடு 150ஐ நோக்கி இறங்கியிருக்க வேண்டும். மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளுக்கு இதுவரை பார்க்கவில்லை என்றால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்கேனை உடனே திரும்ப எடுக்காதீர்கள், ஃபிப்-4 கணக்கை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும். பொடியை ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால் எத்தனை நாள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள். அப்படியானால் எஸ்.ஜி.பி.டி.யை மூன்று மாதம் காத்திருக்காமல் இந்த வாரமே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பொடியால் ஏறிய அளவுக்கு மாத்திரையின் மேல் பழி விழும்.